சட்டைப் பையில் மூன்று தபால்தலைகள்

திருப்பதியில் அந்தத் தபால்தலைச் சங்கத்துக்குப் போகும் மாடிப்படிகள் பதினேழு. நான் ஒரே ஒரு முறைதான் அவற்றில் முழுதாக ஏறியிருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து மணிக்கு, படிகளுக்குக் கீழே பைண்டிங் கடை வாசலில் நிற்கிறேன். மேலே என் மகள் இருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு இறங்கி வருவாள். என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடப்பாள். நான் பின்னால் நடப்பேன்.

அவளுக்கு இப்போது பதினாறு வயது. தனியாகப் போய்வரத் தெரிந்தவள். நான்தான் விடுவதில்லை. யாத்திரைக் கூட்டம், குதிரை வண்டி, தெரியாத மனிதர்கள் என்று காரணம் சொல்கிறேன். உண்மையான காரணம், அந்தச் சங்கத்தில் படிக்கட்டின் அடியைத் தவிர எனக்கு வேறு இடம் இல்லை என்பது. அந்த இடத்தையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்ததிலிருந்து எல்லை முடிவாகும் வரை எங்களுக்கு ஒரே பேச்சுதான்: எந்தத் தாலுக்கா எந்தப் பக்கம். சித்தூர் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரிடம் பென்சில் கேட்பதற்குக்கூட எந்த மொழியில் கேட்பது என்று யோசித்துக் கேட்டோம். பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஒரு தெருவில் தமிழ் எழுத்தின் மேல், அடுத்த தெருவில் தெலுங்கு எழுத்தின் மேல். கடைசியில் திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் இந்தப் பக்கமே நின்றது. எங்கள் நிலமும் என் வேலையும் இங்கே, என் மனைவியின் உடன்பிறந்தவர்கள் எல்லாம் அங்கே. அந்த வருஷமே என்னைச் சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாற்றினார்கள்.

சித்தூரில் தமிழில் படித்துக்கொண்டிருந்த பெண்ணைத் திருப்பதியில் தெலுங்குப் பள்ளியில் சேர்த்தேன். வகுப்பில் அவளுக்குப் பெயர் இல்லை. "அரவ பில்லா" என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழ்க்காரப் பெண்ணே என்று அர்த்தம். சொல்லில் ஒன்றும் இல்லை, சொல்கிற விதத்தில் எல்லாம் இருந்தது. மூன்று மாதம் அவளோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. டிபன் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருவாள்.

"ஏன் துன்னல?" என்று அவள் அம்மா கேட்பாள்.

"பசிக்கல."

"பசிக்காத வயசா இது? யாராவது இன்னா சொன்னாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் சொல்றனே, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

வீட்டுக்கு வந்தால் ஆல்பத்தோடு உட்கார்ந்துவிடுவாள். அந்த ஆல்பம் நான் தொடங்கியது. அவளுக்கு எட்டு வயதானபோது அவளிடம் கொடுத்தேன். என் மைத்துனர் மலேயாவிலிருந்து அனுப்பியவை, ஆபீஸ் உறைகளில் கிழித்தவை, நானே மாற்றிக்கொண்டவை என்று அறுநூறுக்கு மேல் இருக்கும். ஒருநாள் பள்ளியில் அறிவியல் டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது, போய்ப் பார் என்றிருக்கிறார். எனக்குத் தெரியாமல் அவளே சங்கத்தின் செயலாளருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாள். பதிலும் வந்தது. ஞாயிறு பத்து மணிக்கு வா, ஆல்பத்தைக் கொண்டு வா.

அந்தக் கார்டை அவள் ஒரு வாரம் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் பாவாடை என்று புதன்கிழமையே கேட்டாள். அந்த ஊரில் அவளை 'வா' என்று சொன்ன முதல் காகிதம் அது. அந்த அறையும் அவளைத் துரத்திவிட்டால் இந்தப் பெண் என்ன ஆவாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்துப் போர்ஷனில் ரயில்வே பார்சல் குமாஸ்தா ஒருவர் குடியிருந்தார். காட்பாடிக்காரர். திருப்பதியில் எனக்குப் பழக்கமான ஒரே தமிழ் ஆள். அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்த ஸ்டாம்பு கும்பலுக்கா புள்ளைய அனுப்பப் போறீங்க? பேஷா அனுப்புங்க" என்றார். "புதுசா யாரு வந்தாலும் மொதல்ல ஆல்பத்த வாங்கிக்குவானுங்க. ஒருத்தன் வந்தவன ஜன்னலாண்ட இஸ்துக்கினு போய்ப் பேச்சு குடுப்பான். மீதிப் பேரு ஆல்பத்துல கைய வுடுவானுங்க. ஒருத்தன் மாத்தி ஒருத்தன்."

"நீங்க மெம்பரா?"

"நானா? நல்லா கேட்டீங்க. ஒரு பார்சல் குடுக்கப் போனேன் சார். கதவாண்ட நின்னுக்கினு என் கண்ணால பாத்தேன். அந்த ஆளு அந்தாண்ட திரும்பிக்கினு கீறான், இவனுங்க கை உள்ள போவுது வெளிய வருது. மொளகா துன்றவனுங்க சார், கை சும்மா இருக்குமா?"

இதை நான் நம்பியதற்கு அவர் சொன்ன விதம் காரணமல்ல. என் பழைய கதைதான் காரணம்.

சித்தூரில் எங்கள் ஆபீசில் மதிய இடைவேளையில் நாங்கள் ஐந்து பேர் தபால்தலை மாற்றிக்கொள்வோம். ஐந்து பேரும் தமிழர்கள். ராஜ்யம் பிரிந்த பிறகு கடப்பையிலிருந்து ஒருவர் மாற்றலாகி வந்தார். கேள்விப்பட்டு, தன் ஆல்பத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார். தெலுங்கில் பேசினார். நாங்கள் ஒன்றும் புரியாதவர்கள்போல் அவரைப் பார்த்தோம். எங்கள் ஐந்து பேருக்கும் தெலுங்கு தெரியும்.

அவர் ஆல்பத்தில் நிஜாம் காலத்துப் பழைய ஓரணாத் தலை ஒன்று இருந்தது. மங்கிய ஆலிவ் பச்சை, நடுவில் உருது எழுத்து. அதன் அருமை அவருக்குத் தெரியவில்லை. நான் மூன்று பளபளப்பான முக்கோணத் தலைகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். குழந்தைகளுக்கென்று கடையில் கட்டாக விற்பவை. "லண்டன்ல இதுக்கு அடிதடி" என்று வேண்டுமென்றே அரைகுறைத் தெலுங்கில் சொன்னேன். என் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் பச்சைத் தலையை என்னிடம் கொடுத்து, முக்கோணங்களை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக, "சால சந்தோஷம் அண்டி", ரொம்ப சந்தோஷங்க என்று கைகூப்பினார். அவர் கதவைத் தாண்டியதும் நாங்கள் சிரித்த சிரிப்பு வராந்தாவரை கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று தெரியாது. அடுத்த வாரம் வரவில்லை.

அந்தப் பச்சைத் தலை என் மகளின் ஆல்பத்தில் இருந்தது. அவளுக்கு அதன் கதை தெரியாது.

ஒரு மேஜை புதிதாக வருகிறவனை என்ன செய்யும் என்று அந்த மேஜையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் தலைக்குக் குளிக்கப் போனதும், ஆல்பத்தைத் திறந்தேன். சின்ன இடுக்கிபோல, தட்டாரிடம் இருக்கும் சாமணம் ஒன்று என்னிடம் உண்டு. அதைக்கொண்டு மூன்று தலைகளைப் பிரித்தெடுத்தேன். மலேயாத் தலையின் மேல் ஜப்பான்காரன் தன் எழுத்தை அச்சிட்ட இரண்டு, பிறகு நிஜாம். மெழுகுத்தாள் உறையில் வைத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்ததும் பழையபடி ஒட்டிவிடலாம், அவளுக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்திகூட இருந்தது.

பார்சல் குமாஸ்தாவும் கூட வந்தார். "நானும் வர்றேன் சார். ரெண்டு ஆம்பளைங்க நின்னா கொஞ்சம் பயப்படுவானுங்க."

படிக்கட்டுக்கு மேல் சங்கத்தின் பலகை. மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. தமிழ் வரியின் மேல் தார். குமாஸ்தா என் விலாவில் இடித்தார். உள்ளேயிருந்து வந்த செயலாளர் நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். மருந்துக்கடை வைத்திருக்கும் வயதான மனிதர்.

"அது நாங்க பூசினது இல்ல சார். கிரசினாயில் போட்டுச் சொரண்டிப் பாத்துட்டோம், போகமாட்டேங்குது" என்றார்.

தாரில் நகத்தால் கீறியதுபோல் வெள்ளைக் கோடுகள் இருந்தன. நான் பார்த்தேன். பார்த்தும் நம்பவில்லை.

உள்ளே நீள மேஜை, சுற்றி, செயலாளர் போக, ஐந்து பேர். அவர்களில் எனக்கு நினைவில் நிற்பவர்கள் இருவர். ஒருவர் திருச்சானூரில் லாட்ஜ் மானேஜர். இன்னொருவர் பஸ் செக்கர். சித்தூர் போகும் பஸ்ஸை வழியில் நிறுத்தி ஏறி டிக்கெட் பரிசோதிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமையும் காக்கிக் கோட்டோடு இருந்தார். அவர்தான் முதலில் எழுந்து என் மகளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"ரா அம்மா, கூர்ச்சோ. நீதானா கார்டு எழுதினது? நான் கூட யாரோ பெரிய மனுஷின்னு நெனச்சேன். டிக்கெட்டு இருக்கா?"

அவள் பயந்து என்னைப் பார்த்தாள்.

"ஆல்பம் அம்மா, ஆல்பம். இங்க அதுதான் டிக்கெட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆல்பம் கைமாறிவிட்டது. செக்கர் தன் லென்ஸை அவள் கையில் வைத்தார். செயலாளர் ஒரு பெட்டி நிறைய உறைகளை எடுத்துக்கொண்டு, "வா, வெளிச்சத்துக்கு வா" என்று அவளை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார்.

குமாஸ்தா என் காதில், "இஸ்துக்கினு பூட்டான் பாத்தியா சார்?" என்றார்.

"இதுல பாதி உறை மலைக்கு மேல முத்திரை போட்டது, பாதி கீழ ஊர்ல போட்டது. மேல எது, கீழ எது, சொல்லு பாக்கலாம்" என்று செயலாளர் சொல்வது கேட்டது. அவள் முதுகு எங்கள் பக்கம். ஆல்பம் மேஜையைச் சுற்றி நகர்ந்தது. ஒவ்வொருவராகக் கடைசிப் பக்கங்களைத் திறந்து, உள்ளே கையை விட்டு, சத்தமில்லாமல் மூடி அடுத்தவரிடம் தள்ளினார்கள். ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தார்கள். லாட்ஜ் மானேஜர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து வேறு காட்டினார். என்ன திமிர் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அதே சமயம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எடுங்கடா, எடுங்க. நல்லது எதுவும் அதில் இல்லை.

ஆல்பம் கடைசியாகச் செக்கரிடம் வந்தது. அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

அப்போது ஜன்னலருகே என் மகள், "எல்லாம் சரியா சொல்லிட்டேனா? எங்கிட்ட மலேயா கீது சார், ஜப்பான் எழுத்து போட்டது. காட்டட்டுமா?" என்று கேட்டாள். செயலாளர் தடுப்பதற்குள் மேஜைக்கு ஓடிவந்தாள். மூன்று மாதத்தில் அவள் ஓடி நான் பார்த்தது அப்போதுதான்.

ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து மலேயாப் பக்கத்தைத் திறந்தாள். விரல் அங்கேயே நின்றது.

"நைனா, இல்ல" என்று என்னைப் பார்த்தாள்.

"இன்னா இல்ல?" என்று கேட்டது குமாஸ்தா.

"ஜப்பான் ரெண்டும் இல்ல." படபடவென்று பக்கங்களைப் புரட்டினாள். "நிஜாமும் இல்ல! நைனா, நேத்துக்கூட இருந்துச்சே!"

"சொன்னேனா இல்லியா?" குமாஸ்தா மேஜையை அறைந்தார். "யோவ் காக்கி! கைய வெளிய எடுய்யா. கோட்டுல இன்னா கீது?"

செக்கர் மெதுவாக எழுந்தார். கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. அதை வெளியே எடுத்தபோது விரல்களுக்கு நடுவில் மடித்த சின்னக் காகிதம்.

"பிரி" என்றார் குமாஸ்தா.

பிரித்தார். ஒரு சிலோன் தலை. யானைப் படம் போட்டது.

"உன்துதாம்மா?"

என் மகள் தலையை ஆட்டினாள். "இல்ல. எங்கிட்ட சிலோனே கெடையாது."

லாட்ஜ் மானேஜர் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். காலியாக இருந்த பக்கத்தில் புதிதாக நான்கு தலைகள்.

"புதுசா வர்றவங்க ஆல்பத்துல ஆளுக்கு ஒண்ணு வெப்போம்" என்றார். குரல் செத்துப்போயிருந்தது. "சொல்லாம வெப்போம். ஊட்டுக்குப் போய்த் தொறந்து பாக்கணும். அது ஒரு வெளையாட்டு சார் எங்களுக்கு. பதினஞ்சு வருஷமா."

நான் அந்த நிமிஷம் பேசியிருக்கலாம். உறையை எடுத்து மேஜையில் வைத்து, பயத்தில் நான்தான் எடுத்தேன் என்று சொல்லியிருந்தால் எல்லோரும் திட்டியிருப்பார்கள், ஐந்து நிமிஷத்தில் சிரித்துமிருப்பார்கள். என் மகள் முன்னால் வேண்டாம், அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஓடியது புத்தி.

செயலாளர் லென்ஸை வாங்கிக் காலி இடங்களைப் பார்த்தார். "கிழிக்கல. சாமணத்தால எடுத்திருக்கு. பழகின கை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. காலைல நீங்க பாத்தீங்களா? இருந்துச்சா?"

மரியாதையாகத்தான் கேட்டார். ஒரு தகப்பனைக் கேட்பதுபோல் கேட்டார்.

"பார்த்தேன்" என்றேன். "இருந்தது."

அவ்வளவுதான் நான் சொன்னது.

செக்கர் கோட்டைக் கழற்றினார். ஒவ்வொரு பையாக உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்து மேஜையில் கொட்டினார். விசில். பென்சில் துண்டு. வெற்றிலை மடிப்பு. ஒரு சிவப்பு ரிப்பன், வீட்டுக் குழந்தைக்கு வாங்கியதாக இருக்கும். சட்டைப் பையையும் இழுத்துக் காட்டினார்.

"தினம் ஊர் ஜனத்தோட டிக்கெட்டு பாக்கறவன் நான். இதுவரைக்கும் என் ஜேபுல யாரும் கை வெச்சதில்ல." என்னிடம் சொல்லவில்லை, குமாஸ்தாவிடமும் சொல்லவில்லை. என் மகளைப் பார்த்துக் கேட்டார்: "நேனு தொங்கனா அம்மா? நான் திருடனா?"

அவள் அழுதுகொண்டே தெரியாது என்பதுபோல் தலையை அசைத்தாள். என் சட்டை மெல்லிய வெள்ளைச் சட்டை. வேர்வையில் ஒட்டியிருந்தது. பைக்குள் உறையின் விளிம்பு வெளியே தெரியுமோ என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

"போய்ட்டு வாங்க சார்" என்றார் செயலாளர். லாட்ஜ் மானேஜர் அந்த நான்கு தலைகளை எடுத்துவிடப் போனார். செயலாளர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

தெருவில் குமாஸ்தாவுக்குக் கல்யாணக் களை. "எப்படிப் புடிச்சேன் பாத்தீங்களா? ஒருத்தனும் வாயத் தொறக்கல!"

என் மகள் ஆல்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். "அவருதான் நைனா எனக்கு சேர் குடுத்தாரு" என்றாள். சற்றுத் தூரம் போய், "லென்ஸும் அவருதான் குடுத்தாரு" என்றாள்.

"அவங்க அப்படித்தாம்மா" என்றேன் நான்.

தலைகளைத் திரும்ப ஒட்ட வழியே கிடைக்கவில்லை. அவள் ஆல்பத்தைத் துணியில் கட்டித் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை என் மனைவி துவைப்பதற்காகச் சட்டைகளை எடுத்துப் பைகளைத் துழாவினாள். அது அவள் எப்போதும் செய்வது. எனக்கு அது மறந்துபோயிற்று என்பதை இப்போதும் நம்ப முடியவில்லை.

"இன்னாங்க இது, உங்க ஜோபுல ஸ்டாம்பு கீது?"

என் மகள் பள்ளிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து உறையை வாங்கிப் பார்த்தாள். மூன்றையும் உள்ளங்கையில் வைத்து எண்ணினாள்.

"அவங்க எடுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன்மா" என்றேன். "உனக்காகத்தான்…"

"நீ 'இருந்தது'ன்னு சொன்ன."

"அந்த நேரத்துல…"

"அவரு ரிப்பனைக்கூட எடுத்து வெச்சாரு, நைனா. நீ கையக் கட்டிக்கினு நின்ன."

அந்த வாரம் முழுவதும் அவள் என்னிடம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு ஒன்பதரைக்கு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். நான் ஐம்பது அடி பின்னால் நடந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படிகளில் ஏறினாள். நான் கீழே பைண்டிங் கடையின் பசை நாற்றத்தில் நின்றேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. தெலுங்கில் பேசினாள். அவள் தெலுங்கு அவ்வளவு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் நைனா எடுத்து வைத்திருந்தார், உங்களைத் திருடர்கள் என்று நினைத்துவிட்டார், மன்னித்துக்கொள்ளுங்கள், நான் உங்களோடு சேரலாமா என்று கேட்டாள். சுற்றி வளைக்காமல், மனப்பாடம் செய்ததைப்போல் சொன்னாள்.

மேலே யாரோ ஒருவர் சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல. "நல்ல நைனா!" என்றார். இன்னொருவர், வேறு ஏதோ தெலுங்கில் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது. இங்கே எழுத மாட்டேன்.

செக்கர் படியின் உச்சிக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் முதல் படியில் கால் வைத்திருந்தேன்.

"அம்மாயி வரலாம்" என்றார். "நீ அங்கயே நில்லு."

பிறகு நடந்ததை என் மனைவி மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். என் மகள் அந்த மூன்று தலைகளையும் செக்கர் முன்னால் வைத்து, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறாள். அவர் வேண்டாம் என்றிருக்கிறார். அவள் விடவில்லை. கடைசியில் ஜப்பான் எழுத்து இரண்டையும் தள்ளிவிட்டு, நிஜாமை எடுத்துக்கொண்டாராம். சிலோன் யானையை அவரே அவள் ஆல்பத்தில் ஒட்டினாராம்.

என் மனைவி இதைச் சந்தோஷமாகச் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அந்தத் தலையைக் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பார்சல் குமாஸ்தாவிடமும் உண்மையைச் சொன்னேன். "அதனால இன்னா சார்? நீங்க எடுக்கலன்னா அவனுங்க எடுத்திருப்பானுங்க" என்றார். அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவர் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவரிடம் என்னைப் பார்க்கிறேன் என்பதால் அடங்காது என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் செக்கர் என்னைக் கடந்துதான் படியேறுவார். ஒரு நாளும் தவறாமல், "ஏமி சாரு, ஜேபு பத்திரமா?" என்று கேட்பார். பைண்டிங் கடைப் பையன்களுக்கும் அது பழகிவிட்டது. அவர் வரும்போதே இளிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். இரண்டு வருஷமாக அந்தச் சங்கத்தில் என்னிடம் பேசுகிறவர் அவர் ஒருவர்தான்.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் அவர் வழக்கமான கேள்வியைக் கேட்காமல் நின்றார். தன் ஆல்பத்தைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினார். பக்கத்துக்கு நடுவில் அது ஒன்றுதான். ஆலிவ் பச்சை, உருது எழுத்து.

"ஆறு வருஷமா தேடினேன் சாரு. எங்கயும் கெடைக்கல. உன்மேல எனக்குக் கோபம் போகல, போகவும் போகாது. ஆனா இது உன் கையால சேத்தது இல்லியா, சொல்லணும்ல." கைகூப்பினார். "சால சந்தோஷம் அண்டி."

அதே வார்த்தைகள். அதே மாதிரி கூப்பிய கை. சித்தூர் ஆபீஸ் மேஜை என் கண்முன் வந்து நின்றது. கடப்பைக்காரரின் ஆல்பத்திலிருந்து ஏமாற்றி வாங்கியது இது என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால், திருட்டுப் பொருளைத்தான் என் பெண் பரிகாரமாகக் கொடுத்தாள் என்று ஆகிவிடும். அவள் அந்த அறையில் சம்பாதித்த இடம் என்ன ஆகும்? இப்படி யோசித்துக்கொண்டே நின்றேன். அவர் ஆல்பத்தை மூடிக்கொண்டு மேலே போய்விட்டார். இரண்டாவது முறையும் நான் பேசவில்லை. இந்த முறையும் அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். அந்தக் காரணத்தை இப்போது நானே நம்புவதில்லை.

போன ஞாயிறு சொல்லிவிடுவது என்று முடிவு செய்து படியேறினேன். பதினோரு படி ஏறிவிட்டேன். அன்று புதிதாக யாரோ சேர வந்திருக்கிறார்கள்போல. ஜன்னல் பக்கத்திலிருந்து என் மகளின் குரல் கேட்டது, தெலுங்கில், சிரிப்போடு: "மேல போட்டது எது, கீழ போட்டது எது? அவசரமில்ல, நல்லா பாத்துச் சொல்லு."

பேச்சுக் கொடுக்கும் வேலை இப்போது அவளுடையது. அப்படியென்றால் மேஜையைச் சுற்றி ஆல்பம் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவர் மாற்றி ஒருவர் கையை உள்ளே விடுவார்கள். அந்த நேரத்தில் கதவருகே ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

சத்தம் வராமல் கீழே இறங்கினேன்.